நோட்டில் வராத தவளை

கணினி மையத்தில் சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தொன்று.

சீடர் சிங்காரவேலு அந்த ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். நூலகத்தைச் சுருக்கியபோது அவரைக் கணினிக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஏசி எலும்பு வரைக்கும் போகும் என்று யாரோ பயமுறுத்தியிருந்ததால், முதல் நாளே மங்கி குல்லாயும் ஸ்வெட்டருமாக வந்து நின்றார்.

கூடத்தைத் தனி ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த மைமூன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க சார். ஊட்டிக்கு வந்துட்டீங்க."

அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. ஒரு வருடத்தில் அவர் அந்தப் பெண்ணைக் குரு என்றே எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்திருந்தார். மைமூனுக்கு அது கூச்சமாக இருந்தது. பிடிக்கவும் செய்தது.

கூடத்தில் முந்நூறு கணினிகள் ஒன்றாகக் கோக்கப்பட்டு ஓடின. தவளையை ஆராய்கிறவரும் நிலநடுக்கத்தை ஆராய்கிறவரும் அவற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாருடைய கோப்புகளும் ஒரே சேமிப்புப் பெட்டியில் இருந்தன. வாரம் ஒருமுறை அவை முழுவதும் டேப்பில் நகலாகும். ஆறு டேப்புகள். ஏழாவது வாரம் முதல் டேப்பை அழித்து அதன் மேலேயே எழுதும். நகல் முடிந்ததும் திரையில் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வரும்.

அந்தப் பெட்டியில் சிங்காரவேலுவுக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. நூலகத்தின் நிலவறையில் எண்பது வருடத்து மழைப் பதிவேடுகள் கிடந்தன. எந்த ஊரில் என்றைக்கு எவ்வளவு மழை என்று யார் யாரோ கையால் எழுதியவை. யாரும் சொல்லாமலே, ஆறு வருடம், மாலை நேரங்களில் உட்கார்ந்து அத்தனையையும் அவர் தட்டச்சு செய்தார். முடித்த மறு வருடம் நிலவறையில் தண்ணீர் புகுந்தது. மழைப் பதிவேடுகளை மழையே கொண்டுபோயிற்று. இனி அந்த எண்பது வருடம் அவர் ஃபோல்டரில் மட்டும்தான்.

கூடத்தில் வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் யாராவது ஒருவருடைய கோப்பு ஒன்றை டேப்பிலிருந்து திரும்ப எடுத்து, திறந்து, பார்த்ததை எழுதவேண்டும். மைமூன் எழுதியவை இப்படி இருக்கும்: 'தவளைப் படம். பச்சை. முதுகில் மூன்று கோடு.' 'நடுக்க வரைபடம். மூன்றாம் பக்கத்தில் டீக்கறை.' 'யாருடைய ராஜினாமாக் கடிதமோ. மேலே படிக்கவில்லை.'

ஒன்பது வாரத்துக்கு முன்பு பழைய பெட்டி நிரம்பி, புதுப் பெட்டி வந்தது. மைமூன் எல்லாருடைய கோப்புகளையும் புதியதற்கு மாற்றினார். மாற்றிய கையோடு நோட்டைச் சிங்காரவேலுவிடம் கொடுத்தார்.

ஒன்பதாவது வெள்ளி. காலையில் சீடர் நோட்டோடு வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"பேக்கப் வேலையை நான் முழுசாக் கத்துக்கிட்டேனா?"

மைமூன் நோட்டை வாங்கிப் புரட்டினார். நூலகத்துக் கையெழுத்து, முத்து முத்தாக. எட்டு வரிகள். எட்டிலும் ஒரே சொல்: வெற்றி.

"ஃபைலைத் திறந்தப்ப என்ன சார் பாத்தீங்க?"

சிங்காரவேலு குல்லாயைக் காதுக்கு மேலே ஏற்றினார், இறக்கினார்.

"திறக்கலை மேடம்."

"ஏன்?"

"அதான் திரையில வெற்றின்னு வருதே. அது நீங்க எழுதின புரோகிராம். அதைப் போய்ச் சோதிச்சா உங்களையே சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா?"

இதில் பாதி பக்தி, பாதி சோம்பல். எது எவ்வளவு என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

மைமூன் கோபப்படவில்லை. "போய் டீ குடிச்சிட்டு வாங்க சார். அவசரமில்லை. வடையும் சாப்பிடுங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் அவர் திரும்பினார்.

"உங்க மழை ஃபோல்டரை அழிச்சிட்டேன் சார்."

சிங்காரவேலு சிரித்தார். திரையைப் பார்த்தார். ஃபோல்டர் இல்லை. அப்போதும் சிரிப்பு முழுசாகப் போகவில்லை.

"டேப்புல இருக்கே மேடம்."

"கொண்டுவாங்க. நீங்க கேட்டதுக்கு அதான் பதில்."

அவர் போன வாரத்து டேப்பைப் போட்டார். தன் பெயரைத் தேடி எடுத்தார். நொடியில் வந்துவிட்டது. ஆறு வருடத்து வேலை நொடியில் வருமா என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே ஒரே வரி இருந்தது. ஒரு விலாசம்.

புதுப் பெட்டிக்கு மாற்றியபோது, யாரும் வழி தவறக்கூடாதென்று மைமூன் பழைய இடத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் புது விலாசத்தை விட்டுவைத்திருந்தார். கடை இடம் மாறிவிட்டது என்று பழைய கதவில் காகிதம் ஒட்டுவதுபோல. நகல் எடுக்கும் புரோகிராமிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார். அது வாராவாரம் பழைய கதவுக்குப் போய், அந்தக் காகிதத்தைப் பயபக்தியோடு நகலெடுத்தது. எடுத்ததில் பிழையில்லை. அதனால் வெற்றி.

"மேடம்... விலாசம்தான் இருக்கு. ஃபைல் எதுவும் இல்லை."

மைமூன் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்தார். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"முந்தின டேப்?"

மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஆறிலும் அதே வரி. ஒன்பது வாரத்துக்கு முந்தையது எதுவுமே மிச்சமில்லை.

"அஞ்சு மணி நேரம் ஆகுற பேக்கப்பு நாலே நிமிஷத்துல முடிஞ்சுது மேடம்" என்றார் சிங்காரவேலு. "புதுப் பெட்டியோட வேகம்னு நெனச்சேன். உங்களைப் பத்தி கேன்டீன்ல பெருமையாக்கூடச் சொன்னேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஏன் அழித்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைமூனுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் தன் கைப்பையைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றிய சின்ன ஹார்டு டிஸ்க்கை எடுத்துச் சிங்காரவேலுவின் மடியில், குல்லாயின் மேல் வைத்தார்.

"உங்களை டீக்கு அனுப்பினதே இதுக்குத்தான். அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சேன்."

சிங்காரவேலு அண்ணாந்து பார்த்தார்.

"இருக்குன்னு நான் சொல்றதைக் கேக்காதீங்க. திறந்து பாருங்க."

திறந்தார். முதல் பதிவேடு, முதல் நாள். 'தூறல் மட்டும்' என்று எண்பது வருடத்துக்கும் முன்னால் யாரோ எழுதியது அப்படியே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

மைமூன் மழை ஃபோல்டரைப் பெட்டியில் திரும்பப் போட்டு, புரோகிராமில் ஒரு வரியை மாற்றி, நகலை ஓடவிட்டார். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு மெயில் எழுதினார். 'ஒன்பது வாரமாக உங்கள் கோப்புகளுக்கு நகல் இல்லை. இன்று எடுக்கப்படுகிறது. அதுவரை எதையும் அழிக்க வேண்டாம். தவறு என்னுடையது.'

சிங்காரவேலு எட்டிப் பார்த்தார். "நம்முடையதுன்னு போடுங்க மேடம். நோட்டு என்னுதுதானே?"

"நோட்டு உங்களுது. புரோகிராம் என்னுது. திட்டு வாங்குறதுக்கு ஒரு ஆள் போதும் சார்."

நகல் மெல்ல நகர்ந்தது. பத்து சதவீதம் ஆகவே அரை மணி நேரம். இத்தனை மெதுவான ஒன்றை இருவரும் இத்தனை சந்தோஷமாகப் பார்த்ததில்லை. மதியம் அவருடைய எலுமிச்சை சாதமும் மைமூனுடைய முட்டைக் குழம்பும் டிபன் பாக்ஸ் மாறின. நிலநடுக்கக்காரர் போனில் கூப்பிட்டுக் கத்தினார். தவளைக்காரர் நன்றி சொன்னார்.

நான்கரை மணிக்குத் திரையில் 'வெற்றி' என்று வந்தது. இருவருமே அதைக் கண்டுகொள்ளவில்லை.

சிங்காரவேலு டேப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். திறந்தார். வெகுநேரம் பார்த்தார். நோட்டை விரித்து முத்து முத்தாக எழுதினார்: 'தவளைப் படம். பழுப்பு. இடது பின்னங்கால் நீருக்குள். நம்மைத்தான் பார்க்கிறது.'

மைமூன் வாசித்துவிட்டுச் சிரித்தார். கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மேடம், இன்னும் ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"டேப்புல ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சா ஒன்பது வாரம் விட்டிருப்பேனா சார்?"

"அப்புறம் எதுக்குத் தனியாக் காப்பி எடுத்தீங்க? வெற்றின்னு சொல்ற அந்தப் புரோகிராமை எழுதினதே நீங்கதானே?"

"அதனாலதான் சார்" என்றார் மைமூன்.