வராத மழைக்கு வாரிய உப்பு

தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள், கதையை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே தங்கப்பழம் அண்ணாச்சிக்கு ஓர் உப்பளம் இருந்தது. ஆட்களை மேய்த்த பழைய கங்காணி வேலையை விட்டு மகன் வீட்டோடு போய்விட, அவருடைய கறுப்புக் குடை மட்டும் கொட்டகையில் தொங்கியது. அந்த இடத்துக்கு மூன்று பேர் நின்றார்கள். அண்ணாச்சி ஆளுக்குப் பத்துப் பாத்தியும் நான்கு ஆட்களும் கொடுத்தார். "உப்பை எப்ப வாரணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. யாரு நல்ல முடிவு எடுக்காகளோ அவுகதான் கங்காணி" என்றார்.

மூவரில் ஒருத்தி மாடத்தி. பன்னிரண்டு வருஷம் உப்புத் தண்ணீரில் நின்று அவள் பாதங்கள் வெடித்துப் போயிருந்தன, புண் ஆறவே இல்லை. இனித் தண்ணீரில் இறங்கினால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கங்காணி என்றால் வரப்பில் நடந்தால் போதும். இது கிடைக்காவிட்டால் அவள் அளத்தை விட்டே போக வேண்டும். வேறு வேலையும் தெரியாது.

சித்திரை மாதம். உப்பு இன்னும் மூன்று நாள் கிடந்தால் மணிமணியாகத் திரண்டுவிடும். அன்று காலை பத்து மணிக்குக் கடல் பக்கம் கருத்தது. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று கிளம்பி மேகத்தை அளத்தை நோக்கித் தள்ளியது.

மாடத்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வடகிழக்கே கடலோரத்து வேம்பாரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துதுக்கா!" என்றாள் தங்கை.

பத்துப் பாத்தியையும் வாரிக் குவித்து ஓலை போட்டு மூட நான்கு பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். தூறல் விழுந்தபின் ஓடினால் பாதிகூடத் தேறாது. இப்போதே வாரினால் உப்பு பொடியாகத்தான் இருக்கும், கருவாடு போடத்தான் குறைந்த விலைக்குப் போகும். வாராமல் மழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் கரைந்துபோய், பாத்தியை முதலிலிருந்து மிதித்து இறுக்க வேண்டும், ஒரு மாதம் போச்சு.

"எல்லாரும் உப்பை வாருங்க" என்றாள்.

மூவரில் இரண்டாமவன், பக்கத்துப் பாத்திக்காரன் ஞானதுரை, அண்ணாச்சிக்கு ஏழு தடவை போன் போட்டான். அவர் எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ரோட்டோரத்து ஐந்து பாத்தியை மட்டும் வாரச் சொன்னான். அண்ணாச்சி கார் அந்த வழியாகத்தான் வரும். ஆனால் அந்த ஐந்துக்குத்தான் கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சியிருந்தது, உப்பு இன்னும் சரியாக விளையவில்லை. முந்தி விளைந்த ஐந்தும் உள்ளே கிடந்தன.

மூன்றாமவன் எசக்கிமுத்து அன்று மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தான். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டுக் கறிச்சோற்றில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய நான்கு ஆட்களும் உத்தரவு வராமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. மேகம் வந்த வழியே கடலுக்குப் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

நான்காம் நாள் எசக்கிமுத்துவின் உப்பு கல்கண்டாக மின்னியது. அவன் மீசையை முறுக்கிக்கொண்டு, "நாம அசையவே இல்லல்லா!" என்று அளம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். "மாடத்திக்கா, குடை வேணுமா? மழை வருது பாரு!" என்று பெண்கள் சிரித்தார்கள். அவள் தன் பொடி உப்பைப் பார்க்கவும் கூசினாள். சும்மா இருந்திருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அண்ணாச்சி வந்தார். அன்று யார் என்ன செய்தார்கள் என்று ஆட்களிடம் விசாரித்தார். பிறகு மூவரையும் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டார். "நாளைக்கே இதே மாதிரி கருத்தா என்ன செய்வீக?"

"மழை வராது அண்ணாச்சி. நம்ம ராசி அப்படி" என்றான் எசக்கிமுத்து.

"நீங்க என்ன சொல்லுதீகளோ அதான்" என்றான் ஞானதுரை.

மாடத்தியின் முறை வந்தது. பொறுத்துப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். அந்தப் பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தன் வெடித்த பாதங்களைப் பார்த்தாள்.

"கொண்டல் அடிச்சு வேம்பார்லயும் மழைன்னா, மறுபடியும் வாரத்தான் செய்வேன் அண்ணாச்சி" என்றாள்.

நல்ல உப்பு எசக்கிமுத்துவிடம். பாதி நல்லதும் பாதி பொடியுமாக ஞானதுரையிடம். பொடி உப்பு மாடத்தியிடம். இப்போது நீங்கள் சொல்லுங்கள், கங்காணி வேலை யாருக்கு?

விடை: மாடத்திக்குத்தான். எசக்கிமுத்து முடிவு எடுக்கவே இல்லை. காதுகுத்தில் இருந்தவனுக்குக் காற்று திரும்பி உதவியது, அவ்வளவுதான். ஞானதுரை மேகத்தைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியின் முகத்தைத்தான் பார்த்தான். மழை வந்திருந்தால், விளையாத பாத்தியை வாரிவிட்டு விளைந்ததைக் கரைய விட்டிருப்பான். மாடத்தி ஒருத்திதான் காற்றைப் பார்த்து, விசாரித்து, நேரத்தைக் கணக்கிட்டு, எது போனால் திரும்பி வராது என்று யோசித்தாள். மழை வராமல் போனது மழையின் இஷ்டம். தங்கப்பழம் அண்ணாச்சி கொட்டகைக்குள் போய்ப் பழைய கங்காணியின் குடையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மாடத்தி குடையை விரிக்கவில்லை. கிழக்கே இன்று எப்படி இருக்கிறது என்று பார்க்க வரப்பில் ஏறினாள்.