யார் தள்ளிவிட்ட பனம்பழம்?

அந்தக் காலத்தில் மரநாய் பட்டப்பகலில் ஊர் சுற்றும். காக்கைகள் பேசும். தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு பனங்காட்டில் வாழ்ந்த காக்கைகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் எதைக் கண்டாலும் கூவ வேண்டும். ஒருவர் கூவியதை மற்றவர் எல்லோரும் திருப்பிக் கூவ வேண்டும். சோற்றுப் பருக்கைக்காகப் போட்ட சட்டம் அது. வயிறு நிறைந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

ஆடி மாதத்து மதியம் ஒன்றில், கருப்பாயி என்ற காக்கை இரை தேடி அலுத்துப்போய் ஒரு பனையின் குலைமேல் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், கனிந்து தொங்கிய பழம் ஒன்று காம்பு விட்டுப் பொத்தென்று விழுந்தது. கீழே நிழலில் கண்ணயர்ந்திருந்தார் தலைவர் அண்டங்காக்கை. புயலுக்கும் பருந்துக்கும் அசராத மனிதர் என்று சொல்வோமே, காக்கைகளில் அவர் அப்படி. பழம் தலையில் பட்டதும் ஒரு முறை இறக்கையை உதறினார். அதோடு சரி, மூச்சு நின்றுவிட்டது.

காடே திரண்டு வந்துவிட்டது. துணைத் தலைவன் கூர்மூக்கன் கருப்பாயியை நடுவில் நிறுத்தினான்.

"யாரு அனுப்புனது உன்னை?"

"யாரும் அனுப்பலண்ணே. காலு வலிச்சுது, உக்காந்தேன். பழுத்த பழம், விழுந்துட்டு."

"தலைவர் படுத்திருக்க நேரம் பாத்தா விழும்?"

"அது பழத்துக்கு எப்படிண்ணே தெரியும்?"

கூட்டம் முணுமுணுத்தது. "அவ்வளவு பெரியவரு, கேவலம் ஒரு பழத்தாலயா சாவாரு?" என்றது ஒரு கிழக்காக்கை. அந்தக் கேள்விக்குள் பயம்தான் இருந்தது. பழம் தானாக விழுந்தது என்றால், நாளைக்கு யார் தலையிலும் விழலாமே! அப்புறம் எந்த நிழலை நம்பிப் படுப்பது? கொன்றவன் என்று ஒருவன் இருந்துவிட்டால் அவனை விரட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பாவம், அவர்களுக்கு ஒரு கொலைகாரன் அவசரமாகத் தேவைப்பட்டான்.

"வெயில் தாழுறதுக்குள்ள பேரைச் சொல்லு. இல்லன்னா உன் கூட்டைக் கலைச்சிருவோம்" என்றான் கூர்மூக்கன்.

 கருப்பாயியின் கூட்டில் இரண்டு குஞ்சுகள், இன்னும் இறகு முளைக்கவில்லை. அதற்குள் நாலு தடியன்கள் போய்க் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள். எத்தனை முறை கேட்டாலும் அவள் வாயில் "பழுத்தது, விழுந்தது" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது.

அப்போது அதே பனையிலிருந்து மரநாய் இறங்கி வந்தான். வாயெல்லாம் பனஞ்சாறு. கருப்பாயியின் குஞ்சுகளுக்கென்று தினமும் பாதிப் பழத்தை மிச்சம் வைக்கிறவன் அவன்.

"அவளை விடுங்கய்யா. நான் மேலதான் இருந்தேன். பழம் தானா விழுந்துச்சு, என் கண்ணால பாத்தேன்."

"மேலயா இருந்த?" கூர்மூக்கனின் கண் மின்னியது. மெல்லக் கருப்பாயி பக்கம் திரும்பினான். "இவன் காம்பைக் கடிச்சானா?"

மரநாய் சிரித்துவிட்டான். அவள் அப்படிச் சொல்வாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கருப்பாயி கூட்டைப் பார்த்தாள். ஒரு தடியனின் அலகு குஞ்சின் கழுத்துக்கு மேலே தாழ்ந்து நின்றது.

"ஆமா" என்றாள். "கடிச்சான்."

சட்டம் இருக்கிறதே! "கடிச்சான்! கடிச்சான்!" என்று காடு முழுக்கக் கூவியது. அடுத்த மரத்தில் அது நாலு நாளாகக் கடித்ததாக ஆயிற்று. காட்டின் எல்லையில் நரியும் கூட்டு என்று ஆயிற்று. கொத்துப்பட்டு, ரத்தம் வழிய, மரநாய் ஒரு பொந்துக்குள் விழுந்தடித்து ஒளிந்தான். ஓடும்போது ஒரே ஒரு முறை அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் மறக்கவே முடியவில்லை.

கூர்மூக்கன் தலைவனானான். குஞ்சுகள் வளர்ந்தன. ஒரு நாள் மனசு தாங்காமல் மூத்தவனிடம் கருப்பாயி சொன்னாள்: "அன்னைக்கு நான் சொன்னது பொய்யிடா. மரநாய் ஒண்ணும் செய்யல. பழம் தானா விழுந்துச்சு."

மகன் இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தான். தலையைச் சாய்த்து அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இப்படிச் சொல்லச் சொல்லி யாரும்மா உன்னை அனுப்புனது?"

 அவளை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று அவன் கண்டுபிடித்துவிட்டான், கண்டதைக் கூவ வேண்டும் அல்லவா? அலகை அகலத் திறந்தான்.

கொத்துப்பட்டு ஓடிய அன்று முதல்தான் மரநாய் பகலில் தலைகாட்டுவதில்லை. ஒரு காக்கை செத்தால் ஊர்க்காக்கை எல்லாம் கூடிக் கத்துகின்றன. பனையடியில் நின்று அதைக் கேட்டுப் பழகிய மனிதர்களும், தங்கள் தலைவர் ஒருவர் மூப்பில் கண்மூடினால்கூட, முதலில் மரத்தின் உச்சியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள்.