முதல் மரக்கால்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பூவரசங்கோட்டை என்ற நாட்டை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவான், அவ்வளவுதான் குறை.

ஒரு நாள் அவன் போட்ட உத்தரவு மட்டும் மாறாமல் நின்றது. கூட்டாக வியாபாரம் செய்கிறவர்கள் வருஷக் கடைசியில் அரண்மனைக்குக் கணக்கு ஓலை கொடுக்க வேண்டும். லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரி. கடையில் நடந்ததை நடந்தபடி, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். லாபத்தை மறைத்தால் கடை அரண்மனைக்குச் சொந்தம்.

கடைத்தெருவில் செங்கமலம் அவல்கடை வைத்திருந்தாள். அடுப்பும் உரலும் அவளுடையவை. நெல் ஏற்றிவரும் வண்டியும் காளையும் கூட்டாளி காளத்தியுடையவை. அவன் அளப்பான், அவள் எழுதுவாள். லாபம் ஆளுக்குப் பாதி. இரண்டு குடும்பத்துக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

வந்து குவிந்த ஓலைகளில் ராஜாவுக்குப் புரிந்தது அவளுடையது ஒன்றுதான். செலவு போக மிச்சம் நாற்பது பொன், வரி எட்டுப் பொன், ஆளுக்கு நாலு. அளந்து கொடுத்த விவரம் தனிக் கட்டாகப் பின்னால் இருந்தது.

"பொக்கிஷதாரே, உம்முடைய கணக்கைப் படித்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. இந்த அம்மாள் எழுதியதைப் பாரும்" என்றான் சபையில்.

பொக்கிஷதார் திரியம்பகர் பார்த்தார். மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் செங்கமலத்தையும் காளத்தியையும் கூட்டிவர ஆள் போயிற்று.

"கூட்டாளிகள் இரண்டு பேர். ஆளுக்கு எட்டு என்று பதினாறு பொன் வர வேண்டும்" என்று ஆரம்பித்தார் பொக்கிஷதார்.

"ஐயா, மகாராஜா பல்லக்கை நாலு பேர் தூக்குகிறார்கள். உள்ளே மகாராஜா எத்தனை பேர்?" என்றாள் செங்கமலம்.

ராஜா சிரித்தான். "ஒருத்தன்தான். எட்டே போதும். மேலே சொல்லும்."

பொக்கிஷதார் முகம் சுருங்கியது. ஆனால் அவர் கையில் இன்னொன்று இருந்தது. பின்னால் கட்டியிருந்த ஓலைகளைப் பிரித்து உரக்கப் படித்தார். "லாபம், இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த ஓலை. லாபம், இரண்டு, மூன்று. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் லாபம் என்று இவளே எழுதியிருக்கிறாள், மகாராஜா. லாபத்துக்கு ஒரு பொன் வைத்தாலும் முந்நூற்றுப் பன்னிரண்டு பொன். காட்டியது நாற்பது."

செங்கமலத்துக்குக் குழப்பம் எங்கே என்று புரிந்தது. அளக்கிறவன் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டான். மங்கலமாக லாபம் என்றுதான் தொடங்குவான். சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொன்னது ராஜா. எழுதியது அவள்.

"அளக்கும்போது லாபம் என்றால் ஒன்று என்று அர்த்தம், மகாராஜா."

"எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்?" என்றார் பொக்கிஷதார்.

சபையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். ஆனால் பொக்கிஷதார் பேசும்போது தெரிந்ததைச் சொல்கிற பழக்கம் அந்தச் சபையில் இல்லை. ராஜாவோ பிறந்ததிலிருந்து நெல் அளப்பதைப் பார்த்தவனில்லை.

"அக்கா, கடை போச்சு" என்று முணுமுணுத்தான் காளத்தி.

"சும்மா இரு" என்றவள் ராஜாவைப் பார்த்தாள். "பொக்கிஷதார் சொல்வதே சரியாக இருக்கட்டும். ஒரு விண்ணப்பம். இன்றைக்குச் சமையலுக்குப் போகும் அரிசியை இங்கே அளக்கச் சொல்ல வேண்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். களஞ்சியத்திலிருந்து மூட்டையும் மரக்காலும் வந்தன. கூடவே வந்த அளவுகாரன் பிச்சாண்டிக்கு வழக்கு என்னவென்று தெரியாது. குனிந்தான், அள்ளினான், விளிம்புக்கு மேலே குவிந்ததைத் தலைதட்டினான்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அளப்பீங்க, அண்ணே?" என்று கேட்டாள் செங்கமலம்.

"மூணு தடவை. சமையலுக்கு, யானைக்கு, காவல்காரங்களுக்கு."

"களஞ்சியம் யார் பொறுப்பு?"

"பொக்கிஷதார் ஐயாதான். பத்து வருஷமா."

செங்கமலம் விரல் மடக்கினாள். "ஒரு நாள்கூட யானை பட்டினி கிடக்கவில்லை என்று வைத்தால் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது லாபம், மகாராஜா. ஐயா போட்ட கணக்குப்படியே லாபத்துக்கு ஒரு பொன். கஜானாவுக்கு வந்ததா என்று கேட்டால் தெரிந்துவிடும்."

"திரியம்பகரே, எங்கே அந்தப் பொன்?" என்றான் ராஜா.

பொக்கிஷதார் எழுந்தார். "மகாராஜா, அது... அளக்கும்போது லாபம் என்றால் ஒன்று. ஊருக்கே தெரியும்."

"எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்?" என்றாள் செங்கமலம்.

பிச்சாண்டிதான் முதலில் சிரித்தான். பிறகு சபை முழுக்கச் சிரித்தது. கடைசியாக ராஜாவும் சிரித்தான்.

"கடை உங்களுடையது. இந்த வருஷ வரியும் வேண்டாம், போங்கள்" என்றான்.

செங்கமலம் முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டுப் பொன்னை எண்ணி வைத்தாள். "வரியை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்துவிடுங்கள், மகாராஜா. வேண்டாம் என்று சொன்னது அடுத்த வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. சீட்டு இருக்கும்."

ராஜா தன் கையாலேயே சீட்டு எழுதினான். இனி எல்லோரும் அவள் எழுதிய மாதிரியில்தான் கணக்கு ஓலை எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டான். எழுதச் சொல்லித்தர அவளுக்குச் சம்பளமும் வைத்தான். பொக்கிஷதாருக்கு ஒரு மாதம் அவல்கடையில் வேலை. அளக்கும் வேலை.

மறுநாள் காலை பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரியம்பகர் மரக்காலை எடுத்தார். கடைத்தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. செங்கமலம் எழுத்தாணியோடு காத்திருந்தாள்.

"ஒன்..." என்று ஆரம்பித்தார்.

காளத்தி நெற்றியைச் சுளித்தான். வாங்க வந்தவள் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பொக்கிஷதார் மரக்காலைத் திரும்பக் கொட்டினார். மறுபடி அள்ளினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"லாபம்" என்றார்.

செங்கமலம் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.