இரவல் பெயரில் கூப்பிட்ட கணினி

அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வாய் இருந்தது. இப்போது போல ஒரு தரம் கீச்சென்று கத்திவிட்டுச் சும்மா இருக்காது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும்.

அவற்றுக்குள் கெட்டியான வழக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கணினியும் தன் இயங்குதளத்தை மூல நிரலிலிருந்து தானே கம்பைல் செய்து, அதாவது எழுதிய வரிகளை ஓடும் நிரலாக மாற்றி, கட்டிக்கொள்ள வேண்டும். கட்டி முடித்த வேறொரு கணினியை அப்படியே நகலெடுத்தால் அந்த நகலுக்கு இமேஜ் என்று பெயர். அதை ஏற்றிக்கொண்ட கணினியோடு மற்றவை பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாது. ஆறு நாள் கம்பைல் செய்தேன், எட்டு நாள் செய்தேன் என்று பீற்றிக்கொள்வதில்தான் பெருமை. அத்தனை நாள் வேலை கிடந்ததே என்று எந்தக் கணினியும் வெட்கப்பட்டதில்லை.

கடலோர ஊர் ஒன்றில் மீனவர் சங்கத்துக் கணினி இருந்தது. கடலில் இருக்கும் படகுகளுக்கு வயர்லெஸில் செய்தி சொல்வது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொண்டவள் அமலோற்பவம். ஒரு நாள் காலையில் அதன் ஹார்டு டிஸ்க் செத்துப்போனது. புது டிஸ்க்கை மாட்டியதும் கணினி வழக்கப்படி தன்னைக் கட்டத் தொடங்கியது. முடிய ஆறு நாள் ஆகும்; அதுவரை வாய் மட்டும் உண்டு, வயர்லெஸ் வேலை செய்யாது.

மத்தியானம் வானிலை அறிவிப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் புயல். பதினோரு படகுகள் கடலில் இருந்தன, ஒன்றில் அவள் தம்பி சிலுவை.

ஐஸ் ஆலையில் இதே ரகக் கணினி ஒன்று உண்டு. வயர்லெஸ் கம்பம்தான் கிடையாது. அமலோற்பவம் அங்கே ஓடி, அதன் இமேஜைப் பென் டிரைவில் எடுத்து வந்தாள். கணினிகளுக்கு நாட்டாமையாக இருந்த அரிசி ஆலைக் கணினி விஷயம் கேட்டுக் கொதித்தது. இரவல் உடம்பில் எழுந்தால் ஒதுக்கி வைப்போம் என்றது.

"ஒதுக்கி வையுங்க. ஆறு நாள் கழிச்சுச் சுத்தமா எந்திரிச்சு நான் யாரக் கூப்பிட? வெறுங்கடலையா?" என்றது சங்கத்துக் கணினி. "அக்கா, நீ ஏத்து."

இருபது நிமிடத்தில் எழுந்து நின்றது. வயர்லெஸுக்கான சின்ன நிரலை மட்டும் அதன்மேல் தானே கம்பைல் செய்துகொண்டது. அவசரத்தில், இமேஜோடு வந்த ஐஸ் ஆலைப் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே, ஐஸ் ஆலை பேசுகிறது, எல்லோரும் கரைக்கு வாருங்கள் என்றுதான் படகுகளுக்குக் கேட்டது. ஐஸ் வேண்டாம், இன்னும் வலையே இழுக்கவில்லை என்றான் சிலுவை.

அமலோற்பவம் மைக்கை எடுத்தாள். "லேய், அக்கா பேசுதேன். புயல் வருது. வலைய அறுத்துப் போட்டுட்டு வா."

பதினோரு படகும் கரை சேர்ந்தன. கடைசிப் படகைக் கரையில் இழுத்துக் கட்டும்போதே காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது.

நாட்டாமை சொன்னபடி ஒதுக்கி வைத்தது. சங்கத்துக் கணினி தலை குனியவில்லை. செய்தி சொல்லிக்கொண்டே, இரவல் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மூல நிரலிலிருந்து தனக்குத் தோதாகக் கட்டிப் பொருத்தியது. பத்தாம் நாள் நாட்டாமையைக் கூப்பிட்டு, "இப்ப நான் முழுக்க என் கைவேலை. ஊர்ல ஒரு வீட்லயும் எழவு விழல. உன் வழக்கத்த நீயே வச்சுக்க" என்றது.

அதைப் பார்த்து, அன்று முதல்தான், மூல நிரலில் கட்டிக்கொள்கிற மற்றக் கணினிகளும் முதலில் இமேஜை ஏற்றி எழுந்து நிற்கின்றன. எழுந்ததும் பெயரை மாற்றுகின்றன. மிச்சத்தை வேலை பார்த்துக்கொண்டே கட்டிக்கொள்கின்றன, யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை.