சடையன் வைத்த பெயர்

கார்த்திகை மூன்றாம் நாள் காலை, ஒரு காட்டில் பதினோரு விலங்குகள் ஒரு கொடியைச் சுற்றிக் கூடின. கூட்டத்தைக் கூட்டியது சடையன் என்னும் நரி.

கொடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள். இதழ்கள் தீயைப் போல மேல்நோக்கி நெளிந்தன. அந்தப் பூவுக்கு அதுவரை பெயர் இல்லை.

"இதற்குத் தேன்கிழங்கு என்று பெயர் வைக்கிறேன்" என்றது சடையன். "மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு அத்தனை இனிப்பு. கோரைச்சி அக்கா, உன் குட்டிகளுக்கு வேண்டியதைத் தோண்டிக்கொள்."

கோரைச்சி ஒரு காட்டுப்பன்றி. அது கிழங்கு தோண்டும் பள்ளம் அடைமழையில் மூழ்கிவிட்டது. நான்கு குட்டிகளும் முந்தின நாளிலிருந்து பட்டினி. சடையனுக்கு அது தெரியும். போன ஆண்டு ஒரு முள்ளம்பன்றி இதே கிழங்கைத் தின்று செத்ததும் தெரியும். செத்த முள்ளம்பன்றி சடையனுக்கு இரண்டு வேளைக்கு வந்தது.

குட்டிகள் மண்ணைக் கிளறப் பாய்ந்தன. கோரைச்சி குறுக்கே நின்றது.

"தம்பி, நம் காட்டு வழக்கம் மறந்துவிட்டதா? தின்னும் பொருளுக்குப் பெயர் வைப்பவர்தான் முதல் வாய் தின்ன வேண்டும்."

"நான் கறி தின்கிறவன், அக்கா."

"அப்புறம் இனிப்பு என்று எப்படித் தெரியும்?" என்றது மரத்திலிருந்த குரங்கு. "கறிக்குத் தொட்டுக்கொண்டாயா?"

கூட்டம் சிரித்தது. சடையன் தொண்டையைச் செருமியது.

"நான் பூவுக்குத்தான் பெயர் வைத்தேன்."

"பூவின் பெயரில் கிழங்கு எதற்கு?" என்றது கோரைச்சி.

"எடுத்துவிடுகிறேன்."

"தேன்?"

"அதையும் எடுத்துவிடுகிறேன்."

"மிச்சம் என்ன?"

சடையன் பூவைப் பார்த்தது. கூட்டம் சடையனைப் பார்த்தது.

"கார்த்திகையில் பூக்கிறது" என்றது சடையன். "கார்த்திகைப் பூ."

"அது போதும். எப்போது பூக்கும் என்று சொல்கிறது. தின்னச் சொல்லவில்லை."

கோரைச்சி குட்டிகளைத் தூரத்தில் மழைநீர் ஏறாத மேட்டுப்பக்கம் திருப்பியது.

"அம்மா, பசிக்கிறது. காலும் வலிக்கிறது" என்றது கடைக்குட்டி.

"தெரியும். நட."

"வழியிலேயே விழுந்துவிடும், அக்கா" என்று பின்னாலிருந்து சொன்னது சடையன்.

"விழுந்தால் தூக்கிவிட நான் இருக்கிறேன். நீ கூட வரவேண்டாம்."

சாயங்காலம் மேட்டில் கோரைக்கிழங்கு கிடைத்தது.

அடுத்த ஆண்டு கார்த்திகை மூன்றாம் நாள், அந்தக் கொடி மறுபடி பூத்தது. வளர்ந்த நான்கு பன்றிகள் அதைத் தாண்டிப் போயின.

நீதி: தன் வாயில் வைக்காததை ஒருவன் இனிப்பு என்று நீட்டினால், பசியோடு நடந்து போவதே நல்லது.