வேர் எட்டாத இடம்

தங்கப்பழம் அண்ணாச்சி வீட்டில் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. அவரும் தம்பிமார் செல்லக்கனியும் முத்துக்கனியும் ஆளுக்கொன்று சொல்லுவார்கள். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள்.

அப்படியாப்பட்ட வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. தாத்தா காலத்து மண் குழாய். மகள் பொன்செல்வியைப் பெண் பார்க்க வந்த கூட்டம் ஒன்று, காப்பியைக்கூடத் தொடாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போயிற்று. இந்த வெள்ளிக்கிழமை இன்னோர் இடத்திலிருந்து வருகிறார்கள். அதையும் இந்தக் குழாய் கெடுத்துவிடுமோ என்று தங்கப்பழத்துக்குச் சோறு இறங்கவில்லை.

பிளம்பர் அந்தோணி வந்து தோண்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எல்லாம் புறவாசல் வாதாம் மரத்து வேலை. தண்ணி தேடி வேரைக் குழாய்க்குள்ள விட்டிருக்கு. வேர் எட்டாத இடமாப் பாத்து வைங்க. ஊருக்குப் போயிட்டு வந்து குழாயை அங்கன மாத்திருதேன்."

அவர் தலை மறைந்ததும் மூன்று பேரும் கூடினார்கள்.

"தாகத்துலதான உள்ள வந்திருக்கு, பாவம்! மரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி ஊத்துனா, வேரை உருவிக்கிடும்" என்றார் செல்லக்கனி.

கிணறு கலங்குகிற வரைக்கும் இறைத்து ஊற்றினார்கள். வேர் அசையவில்லை.

"தண்ணி அங்க இருக்குன்னு அதுக்கு எப்படிலே தெரியும்? கண்ணா இருக்கு?" என்றார் தங்கப்பழம்.

"கண்ணு தெரியாதவுகளுக்குக் காது நல்லாக் கேக்கும்ணே" என்றார் முத்துக்கனி.

பித்தளைக் குடத்தைத் தட்டிக் கூப்பிட்டார்கள். தட்டின தட்டில் தெருவே வந்து நின்றது. வேர் வரவில்லை.

சரி, இடம் பார்ப்போம் என்று தோண்டினார்கள். தோண்டின இடமெல்லாம் வேர். களைத்துப்போய் மல்லாந்து படுத்த தங்கப்பழம் சட்டென்று எழுந்தார்.

"ஏலே! மொட்டைமாடியில ஏது வேர்?"

தம்பிமார் அண்ணனைக் கட்டிக்கொண்டார்கள். குழாயைப் பிடுங்கி, வேரை உதறி, மாடியில் கிடத்தி ஒரு வாளித் தண்ணீர் விட்டார்கள். இந்த முனையில் விட்டது அந்த முனையில் ஜம்மென்று கொட்டியது, வாதாம் மரத்தின் உச்சந்தலையில்.

"எல்லாம் சரிண்ணே, கக்கூசு கீழல்லா இருக்கு?" என்றார் முத்துக்கனி.

மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். கக்கூஸ் பீங்கானையும் பெயர்த்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். சுவரைத் தூக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா வந்தார். வந்ததும் வராததுமாக, "கக்கூசு எங்கன இருக்கு?" என்றார். தங்கப்பழம் குடையைக் கையில் கொடுத்து மாடிப்படியைக் காட்டினார்.

மனிதர் மேலே போனவர் இறங்கவே காணோம். தங்கப்பழம் படியடியிலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் குடையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"எங்க வீட்டுலயும் வேர்த் தொல்லைதான். பேதி மருந்து வாங்கி மரத்துக்கு ஊத்துனோம், குழாய் அடைப்பு போகும்னு. போகல. இப்படி ஒரு யோசனை எங்களுக்கு வரலையே! பொண்ணு எங்க வீட்டுக்குத்தான், சம்பந்தி!" என்றார்.

பொன்செல்வி கதவுக்குப் பின்னால் சிரித்தாள். தங்கப்பழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு. எங்களுது ஓட்டு வீடு, மொட்டைமாடி கிடையாதே" என்று இழுத்தார் சம்பந்தி.

"அதுக்கென்ன! மரத்து உச்சியில வைங்க. அங்க வேர் எட்டவே எட்டாது" என்றார் தங்கப்பழம். "சீரோட சீரா, ஏணி எங்க செலவு."