கடுகு பாடிய பாட்டு

இசைச்செம்மல் என்று தன் பெயருக்கு முன்னால் தானே போட்டுக்கொண்ட கோதண்டபாணி, வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்ய மூன்றாவது மைக்கும் வாங்கிவிட்டார். விலை ஏற ஏற, பாட்டைவிட அடுப்படிதான் தெளிவாகக் கேட்டது. பழி வேறு யார்மேல் விழும்? சமையல்காரி செங்கமலத்தின்மேல்தான்.

"நாளையிலிருந்து கடுகு வெடிக்காம தாளி. முடியலேன்னா வேலையை விட்டுப் போயிடு!"

"தாளிச்சிடலாம் ஐயா. அதுக்கு முன்னால அந்த மைக்கைக் கொஞ்சம் திருப்பி வையுங்க."

"உனக்கு மைக்கைப் பத்தி என்ன தெரியும்?"

"தூக்கிப் போடச் சொன்னீங்களே, அந்த மைக் பெட்டியிலேயே படம் போட்டிருக்கு. கம்பெனி பேர் இருக்கிற பக்கம்தான் அதுக்குக் காது. வீடியோவில பேர் தெரியணும்னு அதை அடுப்படிப் பக்கம் திருப்பி வச்சுட்டு, நீங்க அதோட முதுகுக்குப் பாடிக்கிட்டிருக்கீங்க."

வேண்டாவெறுப்பாகத் திருப்பி வைத்துப் பாடினார். உள்ளே கடுகு படபடவென்று வெடித்தது. பதிவைப் போட்டுக் கேட்டால் அவர் குரல் மட்டும்தான், அபஸ்வரம் ஒன்றுகூட விட்டுப்போகாமல்.

செங்கமலம் கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். "இப்ப எந்தச் சத்தத்தைக் குறைக்கணும் ஐயா?"

மறுநாள் மைக் பழையபடியே அடுப்படியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. சமையலறைக்குப் புது உத்தரவும் வந்தது: இனிமேல் கடுகைக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம்.